குவாய் பாலம் பார்க்க ஒருநாள் சுற்றுலா: சாப்பாடு நல்லது, அலெக் கின்னஸைத்தான் காணவில்லை

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். ஒன்று சாரதிக்கு, ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு, மூன்றாவது களனி கங்கைக்கு, அதை இந்த நிறுவனம் உண்டாக்கவில்லை என்றாலும். மிச்சம் இரண்டையும் ஏன் பிடித்துவைத்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். அவசரக்காரர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம், எங்கே உட்காருவது, என்ன கொண்டுபோவது எல்லாம் அங்கே இருக்கிறது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே பயணத்தை இப்போது நாலைந்து பேர் நடத்துகிறார்கள், குறையும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படம் (இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிகள் எதிரிக்கே ரயில் பாலம் கட்டிக்கொடுக்கும் கதை) எடுத்த இடங்களைக் காட்டும் ஒருநாள் பயணம், காலையில் கொழும்பில் ஏறி இரவு கொழும்பில் இறங்குவது, ஆளுக்கு 12,500 ரூபாய். காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, ராஃப்டிங், கைட் எல்லாம் அதற்குள். இன்றைய டீசல் விலைக்கு இது நியாயமான காசு, அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் "ஒஸ்கார் வென்ற நாயகனின் அடிச்சுவட்டில்" என்று போட்டிருந்தார்கள், நான் காசு கட்டியது அந்த வரிக்குத்தான். அதற்குப் பக்கத்தில் இருந்த படமோ வில்லியம் ஹோல்டனுடையது. அவரும் ஒஸ்கார் வாங்கியவர்தான், அதுவும் ஒரு போர்க்கைதி வேடத்துக்குத்தான், ஆனால் அது 1953 இல் வந்த வேறு படம். குவாய் படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கியவர் அலெக் கின்னஸ். மேல்சட்டை இல்லாத ஹோல்டனைப் போட்டால் ஆள் சேரும், முன்தலை வழுக்கை விழுந்த ஒரு மெலிந்த ஆங்கிலேயரைப் போட்டால் சேராது என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கின்னஸ் உயிரோடு இருந்திருந்தால் இதற்குக் கோபப்பட்டிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். தெருவில் நடந்தால் யாருக்கும் தன்னைத் தெரியக்கூடாது என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷமே இருந்தது.

வெள்ளவத்தையில் விடிய ஆறரைக்கு ஏற்றினார்கள், சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், அதைச் சொல்லவேண்டும். ஏசி வான், சீட் நல்லது. படத்துக்குப் பாலம் கட்டிய, களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கல கிழக்கே இருக்க, வான் தெற்கே திரும்பிக் கல்கிசைக்குப் போனது. மவுன்ட் லவினியா ஹொட்டேல்தான் படத்தில் இராணுவ ஆஸ்பத்திரியாக வருகிறது, ஆகவே அது முதல் தரிப்பிடம். கடற்கரைப் பக்கம் நின்று எல்லோரும் போட்டோ எடுத்தோம், அழகான இடம், குறையொன்றுமில்லை. ஆனால் நாயகனின் அடிச்சுவடு அங்கே இல்லவே இல்லை, ஏனென்றால் அந்தப் பகுதிக் கதை முழுக்க ஹோல்டனுடையது, கின்னஸ் நடித்த கேணல் நிக்கல்சன் அந்நேரம் காட்டு முகாமில் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார். இதைக் கைட் தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன். "அப்பிடியா அக்கா?" என்றார். நல்ல பிள்ளை, மூன்று மொழியும் கதைக்கிறார், யாருக்கு வாந்தி வரும் யாருக்குப் பசி வரும் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார், ஆனால் அவருக்கு யாரோ எழுதிக்கொடுத்த கடதாசியில் நடிகரைப் பற்றி இருந்தது இரண்டு வரி. ஒன்று, அவர் பெரிய நடிகர். இரண்டாவது, அவர் கின்னஸ் பியர் கம்பனிக் குடும்பத்துப் பணக்காரப் பிள்ளை.

இந்த இரண்டாவது வரியில்தான் நான் பொறுமையிழந்தேன். பியர் குடும்பமா? அவர் 1914 ஏப்ரல் 2 ஆம் திகதி லண்டன் மைடா வேலில் பிறந்தபோது, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. தாய் ஆக்னஸ் கஃப். கின்னஸ் என்பது பிள்ளைக்கு வைத்த பெயர்களில் ஒன்று, அது எங்கிருந்து வந்தது என்று மகனுக்கே தெளிவாகத் தெரியாது. அன்ட்ரூ கெடஸ் என்ற ஸ்கொட்லாந்து வங்கிக்காரர் ஒருவர் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டார், அவர்தான் தகப்பனாக இருக்கவேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தாய் இடையில் ஒரு முன்னாள் இராணுவக் கப்டனைக் கல்யாணம் செய்தார், அந்த மனிதர் முரடர், அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை. பதினாலு வயதுக்குள் தனக்கு மூன்று குடும்பப் பெயர்கள் மாறின, முப்பது வரையான ஹொட்டேல்களிலும் வாடகை அறைகளிலும் குடியிருந்தேன் என்று கின்னஸே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வாடகை கட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் வாழ்க்கை. எந்த வேடத்துக்குள்ளும் புகுந்து மறைந்துவிடும் மனிதர் என்று அவரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், எங்கிருந்து அந்தப் பழக்கம் வந்தது என்று தேட அதிக தூரம் போகவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

மகரகம தாண்டியதும் வானில் இருந்த சின்னத் திரையில் படத்தைப் போட்டார்கள். இது உண்மையிலேயே நல்ல யோசனை. படம் 161 நிமிடம், பயணமும் ஏறக்குறைய அவ்வளவுதான், பார்த்து முடிக்க இடம் வந்துவிடும். ஆனால் சினிமாஸ்கோப்பில் எடுத்த அகலப் படத்தை அந்தத் திரைக்குள் அமுக்கிப் போட்டதில் எல்லோரும் பனைமரம் மாதிரி நெட்டையாகத் தெரிந்தார்கள். சரி, கண் பழகிவிட்டது.

என் பக்கத்தில் பம்பலப்பிட்டியிலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற கணக்காளர் அங்கிள், அவருடைய மனைவி, முன்னால் கம்பஸ் பெடியன்கள் மூன்று பேர், பின்னால் ஒரு குடும்பம், அவர்களோடு வந்த ஒரு வயதான அம்மா. அந்த அம்மா ஒருவர்தான் இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர், பள்ளிக்கூடம் போகும் வயதில், தகப்பனாரோடு, கொழும்பில். படம் தொடங்கி, கைதிகள் விசிலடித்தபடி முகாமுக்குள் வரும் காட்சியில் அவரும் கூடவே விசிலடிக்கப் பார்த்தார், பல்லு ஒத்துழைக்கவில்லை. முழு வானும் சிரித்தது. இந்த மாதிரி ஒரு கூட்டம் அமைவது அதிர்ஷ்டம், அதற்கு நட்சத்திரம் கொடுக்க முடியாது.

ஹோமாகம தாண்டிப் போகும்போது அந்தக் காட்சி வந்தது. அதிகாரிகளும் கூலிவேலை செய்யவேண்டும் என்ற ஜப்பானிய கட்டளையை நிக்கல்சன் ஏற்க மறுக்கிறார், தகரப் பெட்டி ஒன்றுக்குள் போட்டு வெயிலில் நாள்கணக்கில் பூட்டுகிறார்கள். அப்புறம் வெளியே எடுத்துத் தளபதியிடம் கொண்டுபோகிறார்கள். அந்த நடை. கால் ஒரு பக்கம் போக, முழங்கால் இன்னொரு பக்கம் மடிய, உடம்பின் மேல்பாதி மட்டும் நான் இன்னும் அதிகாரிதான் என்று நிமிர்ந்து நிற்கப் பார்க்கிறது. வசனமே இல்லை. கின்னஸுடைய மகன் மத்தியூவுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது, இடுப்புக்குக் கீழே செயலிழந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழகினான். அந்தப் பிள்ளை நடந்த விதத்தைத்தான் தகப்பன் இந்தக் காட்சிக்கு எடுத்துக்கொண்டார். தன் வாழ்க்கையிலேயே தான் செய்த நல்ல வேலைகளில் ஒன்று என்று அந்தச் சில விநாடிகளை அவர் மதித்தார். நான் இதை அங்கிளுக்குச் சொல்ல, அவர் மனைவிக்குச் சொல்ல, அது முன்சீட் வரைக்கும் போய், "திருப்பிப் போடுங்கோ தம்பி" என்று அந்த அம்மா கேட்டு, காட்சியை மறுபடி போட்டார்கள். இரண்டாம் தடவை யாரும் கதைக்கவில்லை. இப்படி ஒரு வரி கைட்டின் கடதாசியில் இருந்திருந்தால் போதாதா? இணையத்தில் இரண்டு நிமிடம் தேடினால் கிடைக்கிற விஷயம்.

அதற்குப் பிறகு அவிசாவளை, யட்டியாந்தோட்டை வரைக்கும் என்னைக் கைட் ஆக்கிவிட்டார்கள், எனக்குக் கசக்கவில்லை. "பணக்காரன் இல்லையென்றால் எப்படி நடிப்புக்கு வந்தார்?" என்று பெடியன் ஒருவன் கேட்டான். விளம்பரக் கம்பனி ஒன்றில் வாசகம் எழுதும் வேலை, அதிலிருந்துதான் வந்தார். நடிப்புச் சொல்லித்தரும்படி மார்ட்டிட்டா ஹன்ட் என்ற நடிகையிடம் போனார், அவரோ கொஞ்ச வகுப்புகளுக்குப் பிறகு நீ நடிகனாகமாட்டாய் என்று சொல்லிவிட்டார். ஜோன் கில்குட், அந்தக் காலத்து லண்டன் மேடையின் ராஜா, இந்தப் பையன் பட்டினி கிடக்கிறான் என்று கண்டு இருபது பவுண் எடுத்து நீட்டினார். கையில் காசில்லாதவன் அதை வாங்கவில்லை. ரோசம். கொஞ்ச நாளில் ஒரு நாடகத்தில் வேலை கிடைத்தது, அந்த ஒரே நாடகத்தில் மூன்று வேடம். 1934 இலேயே கில்குட் தன்னுடைய ‘ஹம்லெட்’ என்ற ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஓஸ்ரிக் என்ற சின்ன வேடம் கொடுத்தார், நாலு வருடத்தில் ஓல்ட் விக் மேடையில் இவரே ஹம்லெட். டைரன் கத்ரி இயக்கியது, அந்நாளைய சாதாரண உடுப்புப் போட்டு, வெட்டாமல் முழு நாடகம். அதே 1938 இல் மெருலா சலமனைக் கல்யாணம் செய்தார், அவரும் நடிகை, இரண்டு பேரும் அறுபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

போரில் கடற்படை. இதில் ஒரு கதை இருக்கிறது, அங்கிள் வயிறு குலுங்கச் சிரித்தார். 1943 சிசிலித் தரையிறக்கத்தில் துருப்புகளைக் கரைசேர்க்கும் ஒரு படகுக்குக் கின்னஸ் பொறுப்பு. தாக்குதல் நேரம் பிந்தியிருக்கிறது என்ற செய்தி அவருக்கு வந்துசேரவில்லை, இவர் பழைய நேரத்துக்கே போய்க் கரைசேர்த்துவிட்டார். மேலதிகாரி கத்த, லண்டன் நாடகக் கொட்டகையில் எட்டு மணிக்குத் திரை தூக்குவோம் என்றால் எட்டு மணிக்குத்தான் தூக்குவோம், கடற்படையும் அதைப் படித்துக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னாராம். இதை அவர் தானே தன் புத்தகத்தில் எழுதியது, ஆகவே கொஞ்சம் உப்புப்புளி சேர்ந்திருக்கலாம். ஆறரை என்றால் ஆறரைக்கு வந்த எங்கள் சாரதியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளவேண்டும்.

குவாய் படத்தை இயக்கிய டேவிட் லீன் கதையையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது, அந்த மனிதர் இல்லாமல் கித்துல்கல இல்லை. டிக்கன்ஸின் நாவலிலிருந்து கின்னஸ் மேடைக்காகத் தானே எழுதி நடித்த ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் லீன் 1946 இல் அதே கதையைப் படமாக்கும்போது அவரைக் கூப்பிட்டார். அடுத்தது ‘ஒலிவர் டுவிஸ்ட்’. அதில் வரும் யூதத் திருடர் தலைவன் ஃபேகின் வேடம் எனக்குத் தா என்று கின்னஸ் கேட்க, உனக்குச் சரிவராது என்று லீன் மறுக்க, முழு ஒப்பனையோடு வந்து நின்று வேடத்தைப் பிடுங்கிக்கொண்டார். அந்த ஒப்பனை மூக்கு பெரிய பிரச்சினையானதும் உண்மை. யூதர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு வந்து, அமெரிக்காவில் படம் 1951 வரைக்கும் வரவேயில்லை, வந்தபோதும் வெட்டித்தான் வந்தது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, படத்தைப் பார்த்தால் தெரியும், ஹிட்லரின் வதைமுகாம்களிலிருந்து ஆட்களை மீட்டு மூன்று வருடத்தில் அப்படி ஒரு முகத்தைத் திரையில் வைத்திருக்கக்கூடாது.

1949 இல் ‘கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரனெட்ஸ்’. எனக்குக் கின்னஸ் என்றால் இதுதான், குவாய் இரண்டாவது. ஒரே பிரபுக் குடும்பத்தில் அடுத்தடுத்துச் செத்துப்போகும் எட்டுப் பேரும் அவரே, அதில் ஒருவர் பெண். முதலில் நாலு வேடம்தான் கொடுத்தார்கள், ஏன் நாலு, எட்டையும் செய்கிறேன் என்று அவர் கேட்டு வாங்கினாராம். அதில் ஆறு கின்னஸ் ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் கெமராவை அசையாமல் பூட்டிவைத்து, ஒரு பகுதியை மட்டும் திறந்து எடுத்து, படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி, கின்னஸ் அடுத்த வேடம் கட்டி வந்து உட்கார்ந்ததும் அடுத்த பகுதியை எடுத்து, இப்படியே போயிருக்கிறது. யாராவது கெமராவை இடித்துவிட்டால் அவ்வளவும் வீண் என்பதால் இரவில் கெமராவுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். பெடியன்கள் மூன்று பேரும் போனில் அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தார்கள், சிக்னல் இருக்கும் இடமாகப் போய்விட்டது நல்லது.

கித்துல்கலைக்கு முன்னால் படத்தை நிறுத்திவிட்டார்கள். பாலம் வெடிப்பதற்கு முன்னால்! இடம் வந்துவிட்டதாம், மிச்சத்தைத் திரும்பும்போது போடுவார்களாம். திரும்பும்போது வானே குறட்டை விட்டது. தயவுசெய்து ஒரு பதினைந்து நிமிடம் தேநீர்க் கடை வாசலில் நிறுத்தியாவது முடித்துவிட்டு இறக்குங்கள்.

ஹற்றன் வீதியிலிருந்து ஒரு பாதை ஆற்றுக்கு இறங்குகிறது. மழைக்குப் பிறகு வழுக்கும், செருப்பு சரிவராது, அந்த அம்மாவைப் பெடியன்கள் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் இறக்கினார்கள். கீழே பாலம் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும், விளம்பரத்தில் பாலத்தின் படம் இருக்கிறது, அது 1957 இலேயே போய்விட்டது. கொங்கிரீட் அடித்தளங்கள் மட்டும் பாறைக்கு நடுவே கிடக்கின்றன. மூங்கிலும் மரமுமாக, யானைகளையும் வேலைக்கு வைத்து, மாதக்கணக்கில் உண்மையாகவே கட்டிய பாலம் அது, சின்ன மாதிரி வைத்து ஏமாற்றிய வேலை இல்லை. 1957 மார்ச்சில் உண்மையான ரயிலை அதன்மேல் ஓட்டி வெடிவைத்தார்கள், பிரதமர் பண்டாரநாயக்கவும் வந்து பார்த்தார். அதற்கு முதல் ஒருமுறை முயன்றபோது கெமராக்காரர் ஒருவரிடமிருந்து சைகை வராததால் வெடியை நிறுத்திவிட்டார்கள், ரயிலோ பாலத்தைத் தாண்டி ஓடிப்போய் அக்கரையில் இருந்த ஜெனரேட்டரில் மோதியது. இதைக் கைட் தம்பி அழகாகச் சொன்னார், கையை ஆட்டி, சத்தம் போட்டு, ரயில் ஓடுவதைக்கூட நடித்துக் காட்டினார். இந்தப் பகுதி அவருடைய கடதாசியில் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. பாலத்துக்குக் கொடுத்த கவனத்தில் பத்தில் ஒன்றை ஆளுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஏனென்றால் இந்த ஆற்றங்கரையில் நடந்த உண்மையான சண்டை கின்னஸுக்கும் லீனுக்கும் இடையில். இந்த வேடத்தைக் கின்னஸ் முதலில் வேண்டாம் என்று சொன்னவர், தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் வந்து கதைத்துக் கதைத்துச் சம்மதிக்கவைத்தார். வந்த பிறகும் நிக்கல்சனைக் கொஞ்சம் நகைச்சுவையோடு, பார்ப்பவர்களுக்குப் பிடித்துப்போகும்படி செய்யவேண்டும் என்று இவர் நினைக்க, அந்த ஆள் ஓர் அறுவை, அறுவையாகவே செய் என்று லீன் நிற்க, இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லாத நாட்கள் இருந்தன. படத்தைப் பார்த்தால் இருவர் சொன்னதும் அதில் இருக்கிறது. எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக்கொடுப்பது துரோகம் என்றே விளங்காத ஒரு கடமைவீரன், அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. அதற்குத்தான் ஒஸ்கார் கிடைத்தது, படத்துக்கு மொத்தம் ஏழு. இவ்வளவு சண்டைக்குப் பிறகும் லீனோடு இன்னும் மூன்று படம் செய்தார், எல்லாம் சேர்த்து ஆறு.

ஒரு விஷயம் மட்டும் கைட்டும் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட அந்த உண்மையான ரயில்பாதையில் செத்தவர்களில் வெள்ளைக்காரக் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்கள்தான் மிக அதிகம், அதில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில். கூலிகள் என்ற கணக்கில் போனவர்கள், அவர்களுக்கு விசிலும் இல்லை கேணலும் இல்லை. ஹற்றன் வீதியில், தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் வழியில், தமிழ் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இந்த இடத்தைக் காட்டும்போது அதை ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இதை நிறுவனத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

மதியச் சாப்பாடு ஆற்றைப் பார்த்தபடி ஒரு கடையில். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பொலஸ் (பிஞ்சுப் பலாக்காய்) கறி, கங்குன் வறை, பொரித்த மீன், அப்பளம், எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுத்தந்தார்கள், சைவக்காரருக்கு வேறு சட்டியில் சமைத்தது. பொலஸ் அபாரம். பக்கத்தில் வாடிவீட்டுச் சுவரில் படப்பிடிப்புக் கால புகைப்படங்கள் மாட்டியிருக்கிறார்கள், நிறுவனத்தின் நிரலில் அது இல்லை, நீங்களாகப் போய்ப் பாருங்கள். ராஃப்டிங் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, பெடியன்கள் நனைந்து கூத்தாடி வந்தார்கள், லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மட்டும் ஒழுங்கானவை, மேலே மின்நிலையத்தில் தண்ணீர் விடும் நேரத்தைப் பொறுத்துத்தான் ஆறு இருக்கும் என்பதால் நேரம் முன்பின்னாகலாம்.

திரும்பும் வழியில் தூக்கம் பிடிக்கும் முன் ஒரு நல்ல கூத்து நடந்தது. தலை துவட்டிக்கொண்டிருந்த பெடியன் ஒருவன் போனைப் பார்த்துவிட்டு "ஐயோ, இது ஒபி-வான் கெனோபி!" என்று கத்தினான். காலையிலிருந்து பார்த்த கேணல்தான் ‘ஸ்டார் வோர்ஸ்’ கிழவர் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கிளோ கெனோபி யார் என்றே தெரியாதவர், ஆனால் லண்டனில் படித்த காலத்தில், 1979 இல், பிபிசியில் ஏழு பகுதியாக வந்த ஓர் ஒற்றர் நாடகத்தை ஒன்றுவிடாமல் பார்த்தவர். ஜோர்ஜ் ஸ்மைலி என்ற, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எதிரியை மடக்கும் அந்தத் தடித்த மௌன மனிதர். "அவரும் இவர்தானா?" என்று என்னைக் கேட்டார், நம்பவில்லை, படத்தைக் காட்டிய பிறகும் தயங்கித்தான் நம்பினார். அந்த வேடத்துக்காகப் பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மொரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு சாப்பிடப் போய், சாப்பாடு முடிந்து அவர் தெருவில் நடந்துபோகும் விதத்தைக் கின்னஸ் பார்த்துக்கொண்டே நின்றாராம். மகனின் நடை, ஒற்றனின் நடை, எல்லாம் சேமித்துவைக்கிற ஆள்.

‘ஸ்டார் வோர்ஸ்’ அவருக்குக் காசு அள்ளிக் கொடுத்தது, சம்பளத்தோடு இலாபத்திலும் பங்கு பேசியிருந்தார், ஆனால் அந்தப் புகழ் அவருக்குப் பிடிக்கவேயில்லை. படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்தேன் என்று வந்து நின்ற ஒரு சிறுவனிடம், இனிமேல் பார்க்கமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு என்று கேட்டதாகவும், பிள்ளை அழுததாகவும் கடைசிக் காலத்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பெடியன்களுக்கு இது சரியாகப் பிடிக்கவில்லை. "பெரிய ஆள்தான், ஆனா கொஞ்சம் கொழுப்பு" என்றான் ஒருவன். நானும் மறுக்கவில்லை. எனக்கு அவரிடம் இதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று இருக்கிறது. 1984 இல் லீனுடைய கடைசிப் படமான ‘எ பாசேஜ் டு இந்தியா’வில் முகத்துக்கு மண்ணிறம் பூசிக்கொண்டு பேராசிரியர் கோட்போல் என்ற பிராமணராக வருகிறார். எட்டுப் பேராக மாறக்கூடிய மனிதருக்கு அந்த ஒரு ஆளாக மாற முடியவில்லை, பார்க்கும்போது எங்களுக்குத்தான் கூச்சம். அவர் ஆடிய நடனக் காட்சியை லீன் வெட்டிவிட்டார், கின்னஸுக்கு அதில் மனவருத்தம், எனக்கு நிம்மதி.

அந்த வயதான அம்மா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், "அந்த ஆள் வேதக்காரனோ?" என்று. 1956 இல் கத்தோலிக்கரானவர், சேர்ந்து ஒரு வருடத்துக்குள்தான் இங்கே வந்து இறங்கினார். அதற்கு முன்னால் பிரான்சில் ஒரு படத்துக்காகப் பாதிரியார் அங்கி போட்டுக்கொண்டு இருட்டிய தெருவில் நடக்கும்போது, முன்பின் தெரியாத ஒரு சின்னப் பையன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கதைத்தபடியே கூட நடந்துவிட்டுப் போனானாம். வெறும் உடுப்பைப் பார்த்து ஒரு பிள்ளை இவ்வளவு நம்புகிறதே என்று அவர் நினைத்தது மதம் மாறியதற்கு ஒரு காரணம். அம்மா திருப்தியோடு தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனார். 2000 ஓகஸ்ட் 5 ஆம் திகதி எண்பத்தாறு வயதில் கின்னஸ் இறந்ததையும், இரண்டு மாதம் கழித்து மெருலாவும் போனதையும் சொல்ல அங்கே விழித்திருந்தவர் சாரதி ஒருவர்தான், அவர் வீதியைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சரி, போக நினைப்பவர்களுக்கு. ஞாயிறு வேண்டாம், ராஃப்டிங் கூட்டம் ஆற்றை நிறைத்துவிடும். வானில் வலப்பக்கம் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் திரை தெரியாது. மாற்றுடுப்பும் பிடிமானமுள்ள சப்பாத்தும் கட்டாயம். கல்கிசையை வேண்டாம் என்று சொன்னால் அவிசாவளைச் சந்தியில் ஏற்றிக்கொள்கிறார்கள், ஒரு மணித்தியாலம் மிச்சம், காசு குறைக்கமாட்டார்கள். பிள்ளைகளோடு ஆறு பார்க்க, நல்ல சோறு சாப்பிட என்றால் தாராளமாகப் போங்கள். படத்துக்காகப் போகிறவர்கள் முதல்நாள் இரவே வீட்டில் முழுப் படத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

நிறுவனத்துக்கு நான் எழுதியதில் மூன்று விஷயம் கேட்டிருந்தேன்: விளம்பரத்தில் கின்னஸின் படம், கைட்டின் கடதாசியில் அவரைப் பற்றி ஒரு பக்கம், மலாயாத் தமிழர் பற்றி ஒரு பந்தி. ஒரு பக்கத்தை நானே எழுதியும் அனுப்பினேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது, அடுத்த முறை வந்தால் ராஃப்டிங்கில் எனக்குப் பத்து வீதம் கழிவாம்.